தோளில் தொங்கிய பழைய கேமரா

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. இதில் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் தென்காசிக்குப் போய்ச் சீடரிடமே சொல்லிக்கொள்ளலாம். அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

குருவின் பெயர் ஆவுடையம்மாள். கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பது தொழில். சீடர் கோமதிநாயகம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவியோடு வாய்ச்சண்டை வருகிறது என்று கேமரா படிக்க வந்தார். சண்டை குறைந்தது. கேமராக் கிறுக்கு ஏறிவிட்டது.

அவர் அவளை வாத்தியாரம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவள் பேசுவது குறைவு. ஒரு கேள்வி கேட்டால் கையில் இருக்கிற லென்ஸைத் துடைத்து முடிக்கும்வரை பதில் வராது. சில நாள் துடைத்து முடித்த பிறகும் வராது.

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் நெருங்கியது. அதை விட்டால் ஆடி, ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கோமதிநாயகம் புதுக் கேமராவோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்தபோது, பெண் பார்க்க வந்த வீட்டில் காபித் தட்டை வைப்பது போல அத்தனை பதனமாக வைத்தார்.

ஸ்டுடியோவில் அப்போது செல்வராணியும் இருந்தாள். ரவிக்கை தைப்பவள். கல்யாண நாட்களில் ஆவுடைக்கு லைட் பிடிக்க வருவாள். அவள் புதுக் கேமராவைத் தொடவில்லை. அவருடைய தோளில் தொங்கிய பழையதைப் பார்த்தாள்.

"அப்போ இதை என்ன செய்யப் போறீய, அண்ணாச்சி?"

"ஏன் கேக்கே?"

"எனக்குத் தாங்களேன். லைட்டு ஸ்டாண்டுல நிக்கும். நானும் உங்க பக்கத்துல நின்னு எடுத்துப் பழகுதேன்."

"பாப்போம்," என்றார் கோமதிநாயகம்.

நம் ஊரில் 'பாப்போம்' என்றால் என்ன பொருள் என்று செல்வராணிக்குத் தெரியும். குடையை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டாள்.

அவள் படி இறங்கிய பிறகு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாத்தியாரம்மா, பழசை வச்சிக்கிடவா, குடுத்திரவா?"

ஆவுடை லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்க மனசுல என்ன இருக்கு?"

"வச்சிக்கிட்டா அவசரத்துக்கு ஆகும். புதுசு மக்கர் பண்ணினா கைகுடுக்கும். அதுவும் போக, தொழில் படிச்சதே அதுலதான். மனசு வரல."

"அப்போ வச்சிக்கிடுங்க."

"பீரோவுல வச்சா இந்தச் சாரலுக்கு லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சிரும். அந்தப் பிள்ளையும் வாய்விட்டுக் கேக்குது."

"அப்போ குடுத்திருங்க."

"குடுத்த மறுநாளே தேவைப்பட்டா?"

ஆவுடை லென்ஸை மூடினாள்.

"நாளைக்கு ரெண்டையும் கொண்டாங்க. தாலிகட்டு முடியட்டும், சொல்லுதேன்."

மதில்மேல் நிற்கிற பூனைக்கு ஒரு நாள் தவணை கிடைத்தது. அவர் நிம்மதியாக எழுந்தார். அப்போதுதான் அவள் இன்னொன்றையும் சொன்னாள்.

"நாளைக்குத் தாலி உங்களுக்கு."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இத்தனை நாளும் தாலி கட்டும்போது மேடைக்கு முன்னால் நிற்பது ஆவுடைதான். அவர் பக்கவாட்டில் நின்று பந்தியையும் தாம்பூலத்தையும் எடுத்தவர்.

"நீங்க எங்க நிப்பீங்க, வாத்தியாரம்மா?"

"பின்னால. பொண்ணோட அம்மா பின்னாலதான நிப்பாவ. அந்த முகத்தை யாராவது எடுக்கணும்லா."

பெண்ணின் அம்மா பிச்சம்மாள், கணவனை இழந்தவள். தாலி ஏறுகிற நேரத்தில் மேடைப் பக்கம் வரமாட்டாள். வராதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை. ஊர் வழக்கம் அப்படித்தான் சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. வெட்கக்கேடு என்று சொல்ல வேண்டியதுதான், ஆனால் மண்டபத்தில் நிற்கும்போது யார் சொல்கிறார்கள்?

மறுநாள் காலை. மலையடிவாரத்துக் கோயிலை ஒட்டிய சின்ன மண்டபம், மூன்று பக்கமும் திறந்தது. பெண்ணை அலங்கரிக்க மட்டும் ஏசி போட்ட ஓர் அறை. வீடியோவுக்கு ஆள் சொல்லவில்லை. போட்டோ போதும் என்று பெண்ணே சொல்லிவிட்டாளாம்.

"ரெண்டும் தயாரா, அண்ணாச்சி?" என்று ஆவுடை கேட்டாள்.

"தயார்," என்றார். அந்த நேரத்தில் அது பொய்யில்லை.

பழையது வலது தோளில், புதியது கழுத்தில். நடக்கும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. புதியதில் கீறல் விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு அடிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டார். கல்யாணத்தைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார் என்று பிறகு செல்வராணி சொன்னாள்.

மாப்பிள்ளை அழைப்பு முடிந்து பந்திப் பக்கம் போனபோது பிச்சம்மாள் அவரை ஓரமாகக் கூப்பிட்டாள். வெளிறிய நிறத்தில் பட்டுச்சேலை. புதுச் சேலையில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"நீங்கதான முன்னால நிக்கப் போறீய?"

"ஆமா, மதினி."

"கெட்டிமேளம் கொட்டினதும் எல்லாரும் எந்திரிச்சிருவாவ. பின்னால நிக்கிற எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த நேரம் அவ முகம் எப்படி இருக்குன்னு நீங்க எடுத்ததைப் பாத்துக்கிடுதேன். முடிஞ்ச உடனே கொண்டாந்து காட்டிருங்க."

"உடனே கொண்டாரேன்."

"மறந்திராதீய."

"அது எப்படி மறப்பேன்?" என்றார். இரண்டு கேமராவையும் ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

புதுக் கேமரா ஆசை யாரை விட்டது? ஒரு தடவை அழுத்தினால் போதும், கடகடவென்று படம் படமாக எடுத்துத் தள்ளியது. பெண்ணுக்குப் பூ வைப்பது, பூவுக்குத் தண்ணீர் தெளிப்பது, தண்ணீர் தெளித்த பாட்டிலை மூடுவது என்று ஒன்றையும் விடவில்லை. மெமரி கார்டு நிறைந்துவிட்டது. மாற்றுக் கார்டுகள் செல்வராணியின் பையில் இருந்தன. அவளோ மேடைப் பக்கம் லைட்டை நிறுத்திக்கொண்டிருந்தாள். முற்றத்தைக் கடந்து போக வேண்டும், சாரல் வேறு விழுகிறது.

தோளில் தொங்கியதைப் பார்த்தார். அது சும்மாதானே தொங்கப் போகிறது.

பழையதன் கார்டை உருவிப் புதியதில் போட்டுக்கொண்டார். நிறைந்த கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது. உலகத்தில் எந்தத் தப்பும் மேளம் கொட்டிக்கொண்டு வருவதில்லை.

சாரல் கனத்தது. காற்று தூவலை மண்டபத்துக்குள்ளேயே கொண்டுவந்து தெளித்தது. விரித்திருந்த ஜமுக்காளம் நசநசத்தது. கோமதிநாயகம் புதுக் கேமராவைத் துண்டுக்குள் பொத்திக்கொண்டார். பெண்ணின் அறையில்தான் ஈரம் இல்லை. ஏசி ஓடுகிறது. அங்கே மேஜைமேல் துண்டை விரித்து அதைப் படுக்க வைத்துவிட்டு, பழையதோடு வெளியே வந்து நின்றுகொண்டார். பழையது நனைந்தது. நனையட்டும் என்று விட்டார்.

குளிரில் கிடந்த கண்ணாடியை ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால் வேர்த்துவிடும். இது அவருக்குத் தெரியாததா? தெரியும். ஆவுடை சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்துக்கு வந்து நிற்க வேண்டுமே.

பெண்ணை மணையில் உட்கார வைத்தார்கள். தாலித் தட்டு கூட்டத்துக்குள் சுற்றி வந்தது, ஆளாளுக்குத் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு மேடைக்குத் திரும்புவதைப் பார்த்ததும்தான் கோமதிநாயகம் அறைக்கு ஓடினார். புதியதை எடுத்து மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். மேடைக்கு நேர் எதிரே அவருக்கென்று விட்ட இடம். பக்கத்திலேயே செல்வராணி. லைட் ஸ்டாண்டில் நின்றது, அவள் அதன் கழுத்தில் ஒரு கையை மட்டும் வைத்திருந்தாள். மறு கை சும்மா இருந்தது.

ஆவுடை கண்ணில் படவில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால், பிச்சம்மாளின் அருகில் இருந்தாள்.

ஐயர் விரலைத் தூக்கினார். கெட்டிமேளம் முழங்கியது.

கோமதிநாயகம் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

வெள்ளை. ஒன்றுமே இல்லை. பால் ஊற்றிய மாதிரி வெள்ளை.

வேட்டி நுனியால் லென்ஸைத் துடைத்தார். ஒரு மூச்சு நேரம் பெண்ணின் சேலைச் சிவப்பு தெரிந்தது. மறுபடி மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தார். மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி," என்றாள் செல்வராணி. "அண்ணாச்சி, அந்தப் பழசு."

புதியதைக் கழுத்தில் விட்டார். பழையதை எடுத்துக் கண்ணில் வைத்தார். துல்லியம். பெண் தலையைக் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். கூட்டத்துக்கு மேலே, எல்லாருடைய தலைக்கும் மேலே, பின்னால் யாரையோ தேடினாள். கண் நிறைந்து நின்றது. உதடு ஏதோ சொன்னது, 'அம்மா' என்றுதான் இருக்க வேண்டும்.

அழுத்தினார். பழகிய சத்தம். மறுபடி அழுத்தினார். முதல் முடிச்சு. நாத்தனார் வந்து அடுத்த முடிச்சுகளைப் போட்டாள். அழுத்திக்கொண்டே இருந்தார். அட்சதை அவர் தலையில் மழையாக விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. வைத்திருந்தது வீண் போகவில்லை என்று தோன்றியது. பதில் கிடைத்துவிட்டது, இனி வாத்தியாரம்மாவிடம் கேட்கவே வேண்டாம்.

கேமராவை இறக்கித் திரையைப் பார்த்தார்.

மூலையில் சிவப்பாக ஒன்று மின்னிக்கொண்டிருந்தது. கார்டு இல்லை என்று.

கார்டே இல்லாவிட்டாலும் அந்தக் கேமரா சத்தம் போடும். கடையில் வாங்க வருகிறவர்கள் அழுத்திப் பார்ப்பதற்காக வைத்த வசதி. அதை அணைத்து வைக்க வேண்டும் என்று ஆவுடை முன்பே சொல்லியிருந்தாள். அவரும் 'பாப்போம்' என்றுதான் சொல்லியிருந்தார்.

மேடையில் ஏறினார்.

"மாப்ள, ஒரு நிமிசம். தாலியக் கையில பிடிச்ச மாதிரி ஒரு தடவை…"

மாப்பிள்ளை கையைத் தூக்கப் போனான். அவனுடைய பாட்டி இடையில் வந்துவிட்டாள்.

"முடிச்சுப் போட்ட தாலியில மறுபடி கை வைக்கச் சொல்லுதீயளா? என்ன பேச்சு இது."

"இல்ல ஆச்சி, சும்மா போட்டோவுக்கு…"

"நீங்கதான இவ்வளவு நேரமும் எடுத்தீய. நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அவர் இறங்கிவிட்டார். நாலைந்து பேரிடம் போனை வாங்கிப் பார்த்தார். எல்லாரும்தான் எடுத்திருந்தார்கள். எந்தப் போனைத் திறந்தாலும் அதில் கோமதிநாயகத்தின் முதுகு இருந்தது. முதுகுக்கு அந்தப் பக்கம் பெண்ணின் தலைப்பூ கொஞ்சம், லைட்டின் வெளிச்சம் கொஞ்சம். ஊரே சேர்ந்து அவருடைய முதுகை எடுத்து வைத்திருந்தது.

புதுக் கேமராவின் கண்ணாடி அதற்குள் காய்ந்துவிட்டது. அக்கினி வலம், மெட்டி, ஆசீர்வாதம் எல்லாவற்றையும் பளிங்கு போல எடுத்தது.

பிச்சம்மாள் வந்தாள். இப்போது வரலாம். கூட்டம் பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பின்னாலேயே ஆவுடையும் வந்தாள்.

"காட்டுங்க அண்ணாச்சி," என்றாள் பிச்சம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்ப்பதற்குத் தயாராக நின்றாள்.

மெட்டி போடும் படத்தைக் காட்டி, இதுதான் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அவளுக்குத் தெரியவா போகிறது? கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. செல்வராணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கல, மதினி," என்றார். "புதுசு மங்கிப்போச்சு. பழசுல கார்டு இல்ல. நான்தான் உருவினேன். தாலி கட்டினது ஒண்ணுமே விழல."

பிச்சம்மாளுக்குக் கார்டு என்றால் என்ன என்று தெரிந்ததோ என்னவோ. விழவில்லை என்பது தெரிந்தது. அவர் கையில் இருந்த கேமராவையும், தோளில் தொங்கியதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு வச்சிருந்தீயளே."

அவர் பழையதை முதுகுப் பக்கமாகத் தள்ளிக்கொண்டார்.

"தப்பு எங்க பேர்ல, அத்தை," என்றாள் ஆவுடை. "ஆளை நிறுத்தினது நான்."

பிச்சம்மாள் யாரையும் வையவில்லை.

"எப்படி இருந்தா?" என்று கேட்டாள்.

"நிமிந்து உங்களைத்தான் தேடுனா, மதினி. கூட்டத்துக்கு மேல தேடுனா. கண்ணுல தண்ணி நின்னுச்சு."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி. சாப்பிட்டீயளா? போயி உக்காருங்க, இலை போட்டாச்சு."

வைதிருந்தால் தாங்கியிருப்பார். அந்த 'சாப்பிட்டீயளா'தான் அவரை அறுத்துப் போட்டது. பந்தி பக்கமே போகாமல் மண்டபத்தின் பின்புறம், அண்டா கழுவுகிற இடத்துக்குப் போய் நின்றார். சாரல் முகத்தில் அடித்தது. தோளிலிருந்து பழையதைக் கழற்றினார். அதை எறிந்துவிட வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

ஆவுடை வந்தாள். செல்வராணியும் லைட்டை மடக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். உள்ளே பாயசத்துக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"மூஞ்சிக்கு நேரா இருந்திச்சு, வாத்தியாரம்மா," என்றார் கடைசியில். "அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல. அந்த அம்மாவுக்கு இனி அது இல்லை."

"ஆமா."

"நீங்க எடுத்தது?"

"அத்தை முகம் இருக்கு. அத்தைக்கு அத்தை முகத்தையே எதுக்குக் காட்ட?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். செல்வராணி லைட்டைத் தரையில் வைத்தாள். வைத்த பிறகு கையை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டிக்கொண்டாள்.

"தாலிகட்டு முடிஞ்சதும் சொல்லுதேன்னீங்க," என்றார் கோமதிநாயகம். "இப்போ சொல்லுங்க. இதை என்ன செய்ய? கூடவே வச்சிருந்தேனே. காலையில இருந்து தோள்லயேதான வச்சிருந்தேன். வச்சிருந்தும் உதவலையே."

ஆவுடை அவர் கையிலிருந்த பழைய கேமராவை வாங்கினாள். பக்கவாட்டு மூடியைத் திறந்தாள். காலியாக இருந்த பொந்தை அவருக்குக் காட்டினாள். சாரல் விழாதபடி உள்ளங்கையால் மறைத்து அதை மூடி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நெசமாவே வச்சிருந்தா உள்ள கார்டு இருந்திருக்கும், அண்ணாச்சி. குடுத்திருந்தா கேமரா செல்வராணி கையில இருந்திருக்கும்."